வகுப்பறையை விட்டுப் போனவர் யார்?

நம் பங்குகளிலிருந்து கல்வியியலில் முதுகலை பயிலச் செல்லும் இளைஞரும் இளம்பெண்களும் பலர் உளர். அவர்களுடைய பாடங்களுள் சமூக நீதியும், பல்வேறு பண்பாட்டுப் பிள்ளைகளைப் பள்ளி அரவணைக்கும் முறையும் இடம்பெறுகின்றன. "பாடம் நடத்தத் தெரிந்தால் போதாதா? இவை எதற்கு?" எனப் பெற்றோர் சிலர் வினவுவதுண்டு. நியாயமான கேள்வியே. விடை தேடி இத்தாலிய மலைச் சிற்றூர் ஒன்றுக்குச் செல்வோம்.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பிளாரன்ஸ் நகருக்கு அப்பாலுள்ள பார்பியானா என்னும் மலைப்பங்கிற்கு லொரென்சோ மிலானி என்ற இளங்குரு அனுப்பப்பட்டார். செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அங்கோ மின்சாரமும் இல்லை. நல்ல சாலையும் இல்லை. உழவரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தேர்வில் தவறி, படிப்பைக் கைவிட்டிருந்தனர். அவர்களுக்காகத் தம் பங்கு இல்லத்தையே பள்ளியாக்கினார் தந்தை மிலானி. காலை முதல் மாலை வரை, விடுமுறையின்றி அப்பள்ளி நடந்தது. மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தனர். செய்தித்தாளைக் கூடி வாசித்து, ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்தனர். ஏழை தாழ்ந்து கிடப்பதற்குச் சொல்வன்மை இல்லாமையே பெருங்காரணம் என்பது அக்குருவின் துணிபு. 'ஐ கேர்', அதாவது 'எனக்கு அக்கறை உண்டு' என்ற ஆங்கிலத் தொடர் பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருந்தது.

அப்பள்ளியின் மாணவர் இருவர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளித் தேர்வில் தோற்றனர். அவர்கள் சோர்ந்து ஒதுங்கவில்லை. மாணவர் எண்மர் கூடி, 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை எழுதினர். தம் எண்ணங்களைத் துண்டுத் தாள்களில் குறித்து, வரிசைப்படுத்தி, வீண் சொற்களை நீக்கி அதை உருவாக்கினர். தேர்ச்சிக் கணக்குகளைத் திரட்டிப் பெற்றோரின் தொழிலோடு ஒப்பிட்டனர். பள்ளி கழித்துவிட்ட பிள்ளைகளுள் பெரும்பாலோர் உழவர், தொழிலாளரின் மக்களே என்பது வெட்டவெளிச்சமாயிற்று. 1967 மே மாதம் நூல் வெளிவந்தது. அடுத்த மாதம் 26-ஆம் நாள் தந்தை மிலானி தம் 44-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அவரது கல்லறையில் செபித்தார்.

இப்போது நம் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். அம்மலைச் சிறுவர் செய்த வேலையே இம்முதுகலைப் படிப்பின் உயிர்நாடி. 'தேறியவர் எத்தனை பேர்?' என்று எல்லாரும் கேட்கின்றனர். 'தவறியவர் யார்? ஏன் தவறினர்?' என்று கேட்கக் கற்றுத் தருவது இப்படிப்பு. வீட்டுப் பேச்சில் ஒரு சொல்லைக் குழந்தை கூறியதும் வகுப்பு நகைக்குமாயின், மறுநாள் அது வாய் திறவாது. அந்த மௌனத்தை 'மந்தம்' என்று எழுதிவிடும் ஆசிரியரும் உளர். அதன் காரணத்தைத் தேடும் ஆசிரியரும் உளர். இரண்டாமவரை உருவாக்கவே இக்கல்வி வேண்டும்.

நம் திருச்சபைக்கு இது புதிதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருள் வசதி அற்றோர்க்கும் குடும்பத்தின் அன்பும் உதவியும் இழந்தோர்க்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் சிறப்பாகத் துணைநிற்குமாறு பணிக்கிறது. நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுவதற்காக, படிப்பில் பின்தங்கிய பிள்ளையை வேறிடம் அனுப்பும் பள்ளி இக்கட்டளையின் முன் என்ன விடை கூறும்?

முதுகலை பயிலும் நம் பிள்ளைகளே! ஆய்வுப் பொருளைத் தேடித் தொலைவு செல்ல வேண்டா. உங்கள் பங்கில் பள்ளியைப் பாதியில் விட்டோரின் வீடுகளுக்குச் சென்று, காரணம் கேட்டு எழுதுங்கள். பெற்றோரே! நம் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிக்கும்போதே, அவனருகில் அமர்ந்திருந்து இப்போது வராத பிள்ளையைப் பற்றியும் விசாரிப்போம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயரின் மக்கள் நாம். அந்த ஒன்று யாரென அறிவதே கற்றவரின் முதற்கடமை.