தர்மபுரியில ஒரு மெடிடரேனியன் வீடு: எலிவேஷனுக்கு முன்னாடி ஒரு கணக்கு

இந்த எபிசோட் வீட்டு முகப்பைப் பத்தி.

எங்க மாமா ரிட்டையர்மென்ட் பணத்துல தர்மபுரியில வீடு கட்டுறாரு. 30-க்கு 40 மனை, மேற்கு பாத்த வாசல். பிளான் முடிஞ்சாச்சு, அடுத்தது எலிவேஷன். இன்ஸ்டாகிராம்ல பாத்த ஒரு படத்தை எனக்கு அனுப்பி, "இதே மாதிரி மெடிடரேனியன் ஸ்டைல்ல வேணும், என்னப்பா சொல்ற?"ன்னு கேட்டாரு. வெள்ளைச் சுவர், வரிசையா ஆர்ச், சிவப்பு ஓடு, நீலக் கதவு. படம் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா கையில இருக்கிறது ஒரே ஒரு தடவை செலவு பண்ணக்கூடிய பணம். அதனால அந்தப் படத்துல எது எதுக்காக இருக்குன்னு பிரிச்சுப் பாத்தோம்.

முதல்ல வெள்ளை. கிரீஸ் தீவுகள்ல சுவருக்குக் காலங்காலமா அடிச்சது சுண்ணாம்பு. அது வெயிலைத் திருப்பி அனுப்பும், விலையும் கம்மி. ஈஸ்டருக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறது அங்க வழக்கம். நம்ம ஊர்ல பொங்கலுக்கு முன்னாடி. அடுத்தது ஓடு. அங்க இருக்கிற அரைவட்ட மண் ஓடும் நம்ம நாட்டு ஓடும் ஒரே தத்துவம்தான்: ஒண்ணு மல்லாந்து கிடக்கும், அடுத்தது அது மேல கவுந்து கிடக்கும். கனமான கல் சுவர், பகல் சூட்டை மெதுவா வாங்கும். சின்ன ஜன்னல், அதுக்கு வெளிப்பக்கம் மரக்கதவு, இது வெயில் கண்ணாடியைத் தொடுறதுக்கு முன்னாடியே தடுக்கும்.

ஆக, அந்த ஸ்டைல் நமக்கு முழுசா அந்நியம் இல்ல. ஆனா அப்படியே எடுத்து வெச்சா வேலை செய்யாது. ரெண்டு காரணம் இருக்கு.

ஒண்ணு, சூரியன். ஏதென்ஸ் இருக்கிறது சுமார் 38 டிகிரி வடக்குல. அங்க நடுப்பகல் சூரியன் எப்பவும் தெற்குப் பக்கம்தான், உச்சந்தலைக்கு வரவே வராது. தெற்கு பாத்து ஒரு ஆர்ச் தாழ்வாரம் வெச்சா, கோடையில நிழல் கிடைக்கும், குளிர்காலத்துல சாய்ஞ்ச வெயில் உள்ள வந்து வீட்டைச் சூடாக்கும். தர்மபுரி சுமார் 12 டிகிரி. இங்க ஏப்ரல் கடைசியில சூரியன் நேரா தலைக்கு மேல வரும். ஆகஸ்ட்ல திரும்பவும் வரும். அப்படின்னா அதிகமா அடி வாங்குறது மொட்டை மாடி. அதுக்கு அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள்.

ரெண்டாவது, மழை. ஏதென்ஸ்ல வருஷத்துக்கு சுமார் 400 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்துல. தர்மபுரியில சுமார் 850. கோடையில இடி மழை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர்ல நல்ல மழை. காத்தோட சாரல் சுவர்ல அடிக்கும். படத்துல பாத்த மொழுமொழுன்னு இருக்கிற வெள்ளைச் சுவருக்கு மேல சன்ஷேடே கிடையாது. இங்க அப்படி விட்டா, ரெண்டு மழைக்காலத்துல கறுப்புக் கோடு இறங்கிடும். அதனால சன்ஷேடு வேணும். அதோட அடிப்பக்கம் விரல் அகலத்துக்கு ஒரு காடி விடச் சொல்லுங்க. தண்ணி சுவருக்குத் திரும்பி ஓடாம அங்கேயே சொட்டிடும். செம்மண் தெறிக்கிற இடம்னா, சுவரோட அடியில 2 அடிக்கு உள்ளூர்க் கல் பதிக்கலாம்.

இப்ப மேற்குப் பக்கம். ஏப்ரல் மாசம் சாயங்காலம் 4 மணிக்கு வெயில் ரொம்பச் சாய்வா வரும். 2 அடி சன்ஷேடு, ஜன்னலோட மேல் பாகத்துல சுமார் ஒன்றரை அடிக்குத்தான் நிழல் கொடுக்கும். மீதி ஜன்னல் முழுக்க வெயில்தான். மாமாவோட டிராயிங்ல ஆர்ச் எல்லாம் தெர்மாகோல்ல செஞ்சு சுவர்ல ஒட்டுற அலங்காரம். அதுல நிழலே விழாது. அதே ஆர்ச்சை 5 அடி ஆழத்துக்கு ஒரு தாழ்வாரமா இழுத்தா, முன் ரூம் சுவர்ல பாதிக்காவது நிழல் விழும். மீதிக்கு ஒரு மூங்கில் தட்டி போதும். சாயங்காலம் உக்காந்து பேச ஒரு திண்ணையும் கிடைச்சிடும்.

"அப்ப ரூம் சின்னதாயிடுமேப்பா"ன்னாரு மாமா. ஆகும். 30 அடி மனையில இது நிஜமான இழப்புதான், மறைக்க வேண்டியதில்ல. ஆனா 4 மணிக்கு உக்காரவே முடியாத பெரிய ஹாலா, உக்கார முடியற கொஞ்சம் சின்ன ஹாலான்னு யோசிக்கணும்.

நாங்க போட்ட செலவு வரிசை இதுதான். முதல்ல மொட்டை மாடி: தண்ணி ஓடுற சரிவு, தட்டோடு, அதுக்கு மேல வெயிலைத் திருப்புற வெள்ளைப் பூச்சு. ரெண்டாவது, மேற்குத் தாழ்வாரம், 3 ஆர்ச்சோட. மூணாவது, மத்த ஜன்னல்களுக்கு சன்ஷேடு, வெளிப்பக்க மரக்கதவு. மிச்சம் இருந்தா சிவப்பு ஓடு, அதுவும் தாழ்வாரத்துக்கு மேல மட்டும், நல்ல சரிவோட. நீலக் கதவு மாமா இஷ்டம், பெயின்ட் செலவுதான்.

மாடி முகப்புல இருந்த ஒட்டு ஆர்ச் எல்லாத்தையும் மாமா எடுத்துட்டாரு. அத்தைக்கு அதுல கொஞ்சம் வருத்தம், தெருவுல இருந்து பாத்தா எடுப்பா இருந்திருக்கும்னு. தாழ்வாரம் எழும்பினதும் திரும்பப் பேசலாம்னு விட்டிருக்கோம்.

நீங்களோ உங்க வீட்டுலயோ எலிவேஷன் ஓகே பண்றதுக்கு முன்னாடி, ஒரு நாள் சாயங்காலம் 4 மணிக்கு மனையில போய் நில்லுங்க. வெயில் எந்தச் சுவர் மேல விழப்போகுதுன்னு பாருங்க. அதைப் பாத்துட்டு இன்ஜினியர்கிட்ட பேசுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.