மோட்டார் வண்டியின் ஆயுள்

விழாவையொட்டிப் பழைய மாணவர் ஒன்றுகூடிய நாளன்று, எம் கல்லூரி விளையாட்டுத் திடலின் வேலியோரம் வேப்பமர நிழலில் நிறுத்தப்பட்டிருந்த வண்டிகளை எண்ணிப் பார்த்தோம். நாற்பதுக்கு மேற்பட்டனவற்றுள் பதினொன்று ஒரே சாயலின. அவை ஹொண்டா வெசெல் எனப்படும் யப்பானிய வண்டிகள். வரிசையின் கடைக்கோடியில், நிறம் மங்கிய ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் ஒன்று தனித்து நின்றது. அதனருகே எம்மைக் கண்ட ஓய்வுபெற்ற ஆசிரியப் பெரியார் ஒருவர், தமது பணிக்கொடையின் பெரும்பகுதியைக் கொடுத்துப் பத்தாண்டு பழகிய வெசெல் ஒன்றினை அண்மையில் வாங்கியவர், “தம்பி, என்ரை வண்டி இந்த ஒஸ்ரினைப் போல நிக்குமோ?” என வினவினார். யாம் தமிழ் கற்பிப்போரேயன்றிப் பொறிவல்லார் அல்லேம். ஆயினும் இளமையில் அயல்வீட்டுக் கராச்சிலே பொழுதைக் கழித்த பழக்கத்தாலும், பின்னர் விசாரித்தறிந்தவற்றாலும், அவ்வினாவுக்கு விடையாக இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் இரு சொற்களைப் பிரித்துணர்தல் வேண்டும். ஒரு வண்டி வழியில் நின்றுவிடாது நாள்தோறும் பணிசெய்தல் அதன் நம்பகம். எத்தனை ஆண்டு பயன்படத்தக்க நிலையில் அது இருக்கும் என்பது அதன் ஆயுள். விற்போர் இவ்விரண்டையும் ஒன்றாகவே பேசுவர். வாங்குவோரும் அவ்வாறே மயங்குவர். ஒஸ்ரின் ஏ-40 நம்பகம் மிக்கதொரு வண்டியன்று. மழைநாளில் கிளம்ப மறுக்கும், ஏற்றத்தில் கொதிக்கும், நெடும்பயணத்திற்குப் புறப்படுவோர் கருவிப்பெட்டியையும் உடன்கொண்டே செல்வர். எனினும் எழுபது ஆண்டு கடந்தும் அது நிழலில் நிற்கின்றது. வெசெலோ காலையில் விசையை அழுத்தியவுடன் ஓசையின்றிப் புறப்படும். நம்பகத்தில் முன்னதைப் பன்மடங்கு விஞ்சியது. ஆயுளிலும் விஞ்சுமோ என்பதே கேள்வி.

ஒஸ்ரின் நெடுங்காலம் வாழ்ந்தமைக்குக் காரணம் அதன் எளிமை. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது நின்றபோது, அவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதை யாம் சிறுவராயிருந்து கண்டோம். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளிகள் காபறேற்றருக்குக் கொடுத்து எஞ்சினைக் கிளப்புவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையே இதற்குக் காரணம். மேலும் அவ்வெஞ்சினில் உருளையினுள் வாயுக்கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகவே அமுக்கப்பட்டது. அழுத்தம் குறைவாதலின், இழிந்த எரிபொருளையும் ஓரளவு தாங்கிக்கொண்டது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். வால்வுகளிற் கரி படியும். ஆதலால் ஒயிலை அடிக்கடி மாற்றுவதும், மூடியைக் கழற்றி வால்வு அரைப்பதும் கராச்சுகளில் ஓயாத வேலையாயிருந்தன. கிடையாத உறுப்பைக் கடைச்சற் பட்டறையில் வார்த்தும் கடைந்தும் கொண்டனர். அங்ஙனம் செய்த கைகளே அவ்வண்டிகளின் ஆயுளை நீட்டின. அக்கைகளுக்கு எட்டாத உறுப்பெதுவும் அவ்வண்டியில் இருக்கவில்லை.

இனி வெசெலுக்கு வருவோம். இது 2013ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் விற்பனைக்கு வந்தது. தோற்றத்தில் ஜீப்பை ஒக்கும். ஆயினும் தனிச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றிய ஜீப்பன்று. ஹொண்டா பிற் என்னும் சிறு காரின் அடித்தளத்தை உயர்த்தி அமைத்த கார் அது. உயரத்தைக் கண்டு மயங்கி, குன்றும் குழியுமான வயற்பாதையிற் பாரமேற்றி ஓட்டுவோர், கார் ஒன்றினையே அவ்வாறு ஓட்டுகின்றனர் என்பதை மறத்தலாகாது. எஞ்சின் 1.5 லீற்றர் கொள்ளளவினது; வால்வுகளை இயக்குவது வாரன்று, சங்கிலி. நல்ல ஒயில் உரிய காலத்தில் மாற்றப்படின் அவ்வெஞ்சின் எளிதிற் களைக்காது. எரிபொருள் நேரே உருளைக்குட் பீச்சப்படுவதால், உள்வரும் வால்வுகளைப் பெற்றோல் கழுவிச் செல்வதில்லை. அவற்றிற் கரி படிதல் காலப்போக்கில் நேரும். இது தீராத நோயன்று.

ஐயத்திற்குரியவை வேறிரண்டு. ஒன்று கியர்ப் பகுதி. மின்னோடியும் எஞ்சினும் சேர்ந்தியங்கும் முதல் தலைமுறை வெசெலில், ஏழு கியர்களை இரட்டைக் கிளச்சு மாற்றித் தருகின்றது. அக்கிளச்சு ஒயிலில் மூழ்காத உலர் கிளச்சு. உராய்வதாற் பிறக்கும் சூட்டை ஆற்ற அதற்குக் காற்றே கதி. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும், ஏற்றத்தில் பிறேக்கை மிதியாது எஞ்சின் விசையாலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் அதனைத் தேய்க்கும். 2014இல் இக்கியர்ப் பகுதியை ஆளும் கணினி நிரலிற் குறை கண்டு, உற்பத்தியாளரே யப்பானில் வண்டிகளைத் திரும்ப அழைத்துத் திருத்தினர். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில் இம்முறை கைவிடப்பட்டு, இரு மின்னோடிகள் கொண்ட வேறொரு முறை இடம்பெற்றது.

மற்றையது பெரிய பற்றரி. லித்தியம் அயன் பற்றரி ஓடுவதால் மட்டுமன்று, வாளாவிருப்பதாலும் முதுமையடையும். வெப்பம் அம்முதுமையை விரைவுபடுத்தும். வண்டியின் பின்தளத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ள இதனை, உள்ளறைக் காற்றை இழுக்கும் விசிறி ஒன்று குளிர்விக்கின்றது. அக்காற்றுவழியைப் பைகளாலும் சாக்குகளாலும் அடைத்துவைப்போர் பலர். சித்திரை வெயிலில் நாள்முழுதும் வெளியில் விடுவதும், வெளிநாடு செல்வோர் மாதக்கணக்கில் பூட்டி வைத்துவிடுவதும் அதற்குத் தீங்கே. ஆகவே வாங்குமுன் ஓடிய கிலோமீற்றரை மட்டும் பார்த்தல் போதாது. அவ்வெண்ணை மாற்றிவிடுவோரும் உளர். கணினிக் கருவியைப் பொருத்திப் பற்றரியின் நிலையை வாசிப்பித்தலே தக்கது. எம் பெரியார் இதனைச் செய்திலர். கதவின் கைப்பிடியையும் இருக்கையின் துணியையும் தடவிப் பார்த்து மகிழ்ந்து வாங்கிவிட்டார்.

இவ்விரண்டையும்விட எம் ஊர் வண்டிகளைக் கொல்வது பிறிதொன்றென யாம் கருதுகின்றோம். அது கிணற்று நீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. எம் கிணற்று நீர் அக்கல்லைக் கரைத்தே வருகின்றது. கேத்திலின் அடியில் வெண்ணிறமாய்ப் படியும் அப்படிவினை இல்லத்தரசியர் யாவரும் அறிவர். அந்நீரை றேடியேற்றரில் ஊற்றினால் அப்படிவே அதன் நுண்குழாய்களிலும் படியும். ஒஸ்ரினின் றேடியேற்றர் செம்பாலும் பித்தளையாலும் ஆயது; அடைத்துக்கொண்டால் ஈயப்பற்றைக் கழற்றிக் கம்பி விட்டுக் குடைந்து, மீண்டும் ஒட்டிவிடுவர். இக்காலத்து றேடியேற்றர் அலுமினியத்தாலும் பிளாஸ்ரிக்காலும் ஆயது, குடைந்தால் ஓட்டையாகும். சூடு தணியாத எஞ்சினில் மூடி வளைந்துவிடின், கியரும் பற்றரியும் நன்றாயிருந்தும் பயனென்ன? இதற்கெனவுள்ள குளிர்திரவத்தை, உற்பத்தியாளர் விதித்த வகையறிந்து வாங்கி ஊற்றுதற்கு ஆகும் செலவு சிறிது. எம் அயலார் ஒருவர், நல்ல விலைகொடுத்து வாங்கிய வண்டிக்கு இரண்டாண்டு கிணற்று நீரே வார்த்து, பின்னர் எஞ்சினை முழுதாகக் கழற்ற நேர்ந்ததை யாம் கண்ணாரக் கண்டோம். அவர் பிழையை ஒத்துக்கொண்டாரில்லை, வண்டியையே நொந்தார். கடற்காற்றின் உப்பும் இவ்வாறே. பண்ணைப் பாலத்தால் நாள்தோறும் சென்றுவருவோர் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுதல் வேண்டும்.

இவையெல்லாம் செய்தும், உறுப்புகள் கிடையாவிடின் ஆயுள் முடிந்ததேயாம். 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறக்கப்பட்டது. அதற்கிடையில் இருந்த வண்டிகளின் விலை ஏறியது. பழைய வண்டியை இன்னும் சில ஆண்டு ஓட்டவேண்டிய தேவை பலருக்கு நேர்ந்தது. வெசெல் இங்கு ஏராளமாக ஓடுவதால், கழற்றிய உறுப்புகளேனும் கிடைக்கின்றன. அதனைத் திறந்து பார்த்த கைகளும் பெருகியுள்ளன. பற்றரியைக் கழற்றிப் பழுதான கலங்களை மட்டும் மாற்றித் தருவோரும் தோன்றியுள்ளனர். ஆனால் பற்றரியின் மின்னழுத்தம் உயிரைப் போக்கவல்லது. பயிற்சியற்றவர் கையில் அதனை ஒப்படைத்தல் தகாது. மின்னணுப் பெட்டி ஒன்று பழுதுபடின் அதனைக் கடைச்சற் பட்டறையில் கடைந்தெடுக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒஸ்ரினைப் போல எழுபது ஆண்டு என்பது வெசெலுக்குக் கூடாத கனவு. பதினைந்து முதல் இருபது ஆண்டு, பேணுவார் கையிற் கூடுமென்பது எம் கருத்து. அதற்கிடையே பற்றரிக்கென ஒரு தொகையை இப்போதிருந்தே ஒதுக்கிவைத்தல் நலம் எனப் பெரியாரிடம் கூறினோம். அவர் முகம் சற்று வாடியது.

அப்போது ஒஸ்ரினின் உரிமையாளர் எம்மருகே வந்தார். அவரும் எம் கல்லூரிப் பழைய மாணவரே. இருக்கையின் கீழிருந்து பழந்துணி சுற்றிய அப்பியாசக் கொப்பி ஒன்றனை எடுத்துக் காட்டினார். ஒயில் மாற்றிய திகதி, அப்போது ஓடியிருந்த மைல், வால்வு அரைத்த நாள், றேடியேற்றர் குடைந்த செலவு முதலிய யாவும் அவர் தந்தையார் கையெழுத்திலும், பாதிக்குமேல் அவர் கையெழுத்திலும் இருந்தன. பெரியார் அதனை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். பின்பு எம்மிடம் பேனாவை இரந்து பெற்று, விழா நிகழ்ச்சிநிரலின் பின்புறத்தில், தம் வண்டிக்கு ஒயில் மாற்றவேண்டிய நாளைக் குறித்துக்கொண்டார்.