கொல்லிமலையைப் படமெடுக்க எந்த வேளை நன்று?

நம் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே கொல்லிமலை நிற்கிறது. படமெடுக்க விரும்பும் நாம் முதலில் கவனிக்க வேண்டியது இந்தத் திசையைத்தான். விடியலில் கதிரவன் மலைக்குப் பின்னாலிருந்து எழுவதால், நமக்குக் கிடைப்பது கரிய மலைக்கோடு மட்டுமே. அதுவும் அழகுதான். ஆனால் பாறையும் மடிப்பும் மரமும் தெரிய வேண்டுமானால், மாலை நான்கு மணிக்குமேல் மேற்கு வெயில் மலைமுகத்தில் விழும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்தது வானிலை. சித்திரை, வைகாசியில் புழுதியும் வெப்பமும் சேர்ந்து மலையை மங்கலாக்கிவிடும். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் பாருங்கள், மலை பக்கத்தில் வந்து நிற்பதுபோல் தோன்றும்! ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் மேகம் தவழும். வெண்மேகத்தைக் காமிரா சாம்பல் நிறமாகக் காட்டும். ஆகையால் ஒளியளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த வசதி இப்போது கைப்பேசியிலும் உண்டு.

சுமார் 300 அடி உயர ஆகாய கங்கை அருவிக்கு உச்சிவெயில் ஆகாது. நீர் வெறும் வெள்ளையாகும், பாறை இருண்டுவிடும். மெல்லிய மேகம் மூடிய நாளே அதற்கு ஏற்றது. ஆனால் கனமழையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படிகள் வழுக்கும். அன்று போகவே வேண்டாம்.

அந்திப் படத்தை மலைமேல் நின்று எடுத்தால், காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் கடக்க நேரிடும். அதை நம் ஊர் வயலோரத்திலிருந்தே எடுக்கலாம். வீட்டில் காத்திருக்கும் பெற்றோருக்கும் நிம்மதி.