நண்பகலில் சிற்றலை திடீரென ஊமையானால்

நல்ல வெயில் நேரம். 31 மீட்டரில் ஒரு வெளிநாட்டு நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சில நிமிடங்களுக்குள் குரல் தேய்ந்து, ஒன்றுமே இல்லாமல் போகிறது. முள்ளை இப்படியும் அப்படியும் திருப்பினால் பக்கத்து நிலையங்களும் இல்லை. ரேடியோ போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சூரியனில் ஒரு வெடிப்பு நடந்திருக்கலாம்.

15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பது உங்கள் ரேடியோவை எப்படித் தொடும்?

சிற்றலை (ஏறத்தாழ 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலை) பூமியின் வளைவைத் தாண்டி வர வேண்டுமானால், மேலே போனதை ஏதோ ஒன்று கீழே திருப்பிவிட வேண்டும். அதைச் செய்வது அயனி மண்டலம் (சூரியக் கதிர் பட்டு, காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் உயரப் பகுதி). இதில் 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் எஃப் அடுக்கு அலையைத் திருப்பி அனுப்புகிறது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கு அலையைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது.

டி அடுக்கைப் பகலில் மட்டும் இயங்கும் சுங்கச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும்போதும் கட்டணம், இறங்கும்போதும் கட்டணம். அதிர்வெண் (ஒரு நொடியில் அலை துடிக்கும் எண்ணிக்கை) குறையக் குறையக் கட்டணம் கூடும். இரவில் சாவடி மூடிவிடும். பகலில் 49 மீட்டரில் கேட்காத தூரத்து நிலையம் ராத்திரியில் கணீரென்று கேட்பது இதனால்தான்.

சுடர்வெடிப்பின்போது (சூரியனின் காந்தப்புலம் முறுக்கேறி, சட்டென்று ஆற்றலைக் கக்குவது) எக்ஸ் கதிர்கள் பாய்கின்றன. ஒளியின் வேகத்தில் வருவதால் எட்டு நிமிடம் சொச்சத்தில் இங்கே வந்துவிடும். வந்ததும் டி அடுக்கில் எலக்ட்ரான்கள் பெருகி, அலை முழுவதையும் விழுங்கிவிடுகின்றன.

எவ்வளவு நேரம் நீடிக்கும்? சிறிய வெடிப்பென்றால் சில நிமிடங்கள். பெரியதென்றால் ஒரு மணி, இரண்டு மணி. பூமியின் பகல் பாதியில் மட்டுமே இது நடக்கும். நமக்கு ராத்திரி என்றால் கவலையே இல்லை.

நிலையம் கிடைக்காத எரிச்சலோடு இது முடிந்துவிடுமா? எப்போதும் அப்படி இல்லை. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் கரீபியன் தீவுகளைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. தரைவழித் தொடர்புகள் அறுந்த இடங்களில் சிற்றலைதான் கைகொடுக்க வேண்டும். அன்றைக்கென்று பார்த்து எக்ஸ் 9.3 அளவில் ஒரு வெடிப்பு. (எக்ஸ் என்பது மிக வலிய வகை, எண் கூடக் கூட வலிமை கூடும்.) மீட்புப் பணியாளர்களின் சிற்றலைத் தொடர்பு மணிக்கணக்கில் செயலிழந்தது. தென் அமெரிக்கக் கரையோரம் பறந்த ஒரு விமானத்தோடு ஏறக்குறைய 90 நிமிடம் பேச முடியவில்லை.

சரி, வெடிப்பு அடங்கியதும் எல்லாம் சீராகிவிடுமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெடிப்போடு சில சமயம் சூரியன் மின்னேற்றம் கொண்ட வாயுவைப் பெரும் மேகமாக வீசியெறிகிறது. அது பூமியை நோக்கி வந்தால், வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். சேர்ந்ததும் காந்தப்புயல் (பூமியின் காந்தப்புலம் கலங்கித் தள்ளாடுவது) கிளம்புகிறது. இம்முறை அடி வாங்குவது எஃப் அடுக்கு. அதன் எலக்ட்ரான் அடர்த்தி பல இடங்களில் குறைந்துவிடுவதால், உயர்ந்த அதிர்வெண் அலைகள் திரும்பி வராமல் விண்வெளிக்குள் போய்விடுகின்றன. இது இரவிலும் தொடரும். நாள் கணக்கிலும் இழுக்கும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியதும் நேர் எதிராக மாறுகிறது. பகலில் சட்டென்று எல்லாம் அடங்கினால் மேலே, அதாவது கூடுதல் அதிர்வெண்ணுக்குப் போங்கள் (மீட்டர் எண் குறையக் குறைய அதிர்வெண் கூடும்). 19, 16, 13 மீட்டர்களைத் தேடிப் பாருங்கள்; அவைதான் கடைசியாகப் போய் முதலில் திரும்பும். 49, 41 மீட்டர்கள் கடைசியில்தான் தேறும். இரண்டு நாளாகவே வரவேற்பு சோகையாக, குரல் நடுங்கித் தேய்ந்து வந்தால் காந்தப்புயலாக இருக்கலாம். அப்போது கீழே இறங்குங்கள். துருவத்தை ஒட்டி வரும் வட அமெரிக்க நிலையங்களை விட்டுவிட்டு, தென்கிழக்கு ஆசிய நிலையங்களைத் தேடுங்கள்.

காந்தப்புயலின் கடுமை துருவங்களின் பக்கம்தான் அதிகம். நாமோ காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருக்கிறோம். 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அந்தக் கோடு அவ்வழியே போவதால்தான். விதிவிலக்காக, 2024 மே மாதக் காந்தப்புயல் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவக்கும் அளவுக்குப் பெரியது. அப்படிப்பட்டவை அபூர்வம்.

அப்படியானால் சூரியன் சும்மா இருந்தால் நல்லதுதானே? அதுவும் இல்லை! சூரியனின் சுறுசுறுப்பு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. உச்சத்தில் எஃப் அடுக்கு தடித்து, 28 மெகாஹெர்ட்ஸில்கூட ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) அன்பர்கள் சொற்ப மின்திறனில் கண்டம் விட்டுக் கண்டம் பேசுவார்கள். அடங்கிய ஆண்டுகளில் அந்தப் பட்டை பெரும்பாலும் மயானம். வெடிப்புகள், நல்ல வரவேற்புக்கு நாம் கொடுக்கும் விலை. என்னைக் கேட்டால் மலிவான விலைதான்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? வெடிப்பை முடியாது, செய்தி வரும் வேகத்தில் கதிரும் வந்துவிடும். காந்தப்புயலுக்குப் பெரும்பாலும் ஒரு நாளாவது அவகாசம் உண்டு. அமெரிக்காவின் நோவா அமைப்பு இணையத்தில் இலவசமாக அறிவிக்கிறது: வெடிப்பால் வரும் முடக்கத்துக்கு ஆர்1 முதல் ஆர்5 வரை, காந்தப்புயலுக்கு ஜி1 முதல் ஜி5 வரை. ஆர்3 வந்தாலே பகலில் சிற்றலை தடுமாறும்.

பழுது சூரியனிடமா, உங்கள் வீட்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பண்பலை அயனி மண்டலத்தை நம்பி இல்லை. அதற்கு மாற்றிப் பாருங்கள். பாட்டு ஒழுங்காக வந்து, சிற்றலையில் வழக்கமான இரைச்சலும் சேர்ந்து குறைந்திருந்தால், பெரும்பாலும் சூரியன்தான். இரைச்சல் கூடி, 'ஙொய்' என்று ஒரே சீராக ஒலித்தால் சூரியன்மேல் பழி போடாதீர்கள். எல்இடி விளக்கையும் செல்போன் சார்ஜரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஏரியல் கம்பி கழன்றிருந்தாலும் இரைச்சல் குறையும். அதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் பொறுங்கள். அதுவரை திருப்புளியை எடுக்க வேண்டாம்.