வெற்றிப் பாட்டு பாடாத வாழ்க்கைக் கதை

1963 மே 28. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில், வூல்வொர்த் கடை. கறுப்பர்கள் அங்கே எந்தச் சாமானும் வாங்கலாம். வெள்ளையர் சாப்பிடும் இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது. அன்று மூன்று கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் 22 வயது ஆன் மூடி.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஆனின் தலைமுடியைப் பிடித்து அவரை வாசல்வரை தரதரவென்று இழுத்துப் போனார்கள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கெச்சப், கடுகு சாஸ், சர்க்கரை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தலையில் கொட்டினார்கள். சுமார் மூன்று மணி நேரம் இது நடந்தது. போலீஸ் வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. அன்று எடுத்த புகைப்படம் இன்றும் வரலாற்று நூல்களில் வருகிறது. அந்தப் பெண் அங்கே வந்து சேர்ந்த வழியை, 1968-ல் வெளியான அவருடைய தன்வரலாறு ‘கமிங் ஆஃப் ஏஜ் இன் மிசிசிப்பி’தான் சொல்கிறது.

ஆன் 1940-ல் பிறந்தார். பருத்திக் காட்டில் விளைச்சலில் பங்குக்கு உழுத குடும்பம். அப்பா வேறொரு பெண்ணோடு போய்விட, அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பல நாள் ரொட்டியும் அவரைப் பருப்பும்தான் சாப்பாடு. ஆனும் ஒன்பது வயதிலேயே ஒரு வெள்ளைக்காரக் கிழவி வீட்டில் திண்ணை பெருக்கப் போனார். வாரக் கூலி 75 சென்ட்டும் இரண்டு காலன் பாலும். அந்தப் பாலில் முதலில் வாய் வைப்பது கிழவியின் பூனைகள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருமுறை சினிமா கொட்டகையில், கூட விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பின்னாலேயே வெள்ளையருக்கான வாசலில் நுழைந்துவிட்டார் ஆன். அம்மா பதறிப்போய் வெளியே இழுத்து, படம் பார்க்காமலேயே வீட்டுக்குக் கூட்டிப் போனார். ‘அவர்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது?’ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையர்களால் கொல்லப்பட்டபோதும், ‘தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே’ என்பதுதான் அம்மாவின் புத்திமதி. கொன்றவர்களை வெறுத்த ஆன், வாய் திறக்காத தன் இனத்துப் பெரியவர்களையும் வெறுத்தார். அதை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார்.

அதே நேர்மையோடு அன்பையும் எழுதுகிறார். வூல்வொர்த்திலிருந்து வந்ததும் அவர் போன இடம் ஒரு பியூட்டி பார்லர். காலில் செருப்பில்லை, சாஸ் காய்ந்து தலைமுடி விறைத்திருந்தது. காத்திருந்த மூன்று பெண்களும் அவருக்கு வழிவிட்டார்கள். பார்லர்காரப் பெண் தலையை அலசியதோடு நிற்கவில்லை. காலுறைகளைக் கழற்றி, கால்களையும் கழுவிவிட்டார்.

1964-ல் வாஷிங்டன் போகும் பஸ்ஸில் கதை முடிகிறது. எல்லோரும் விடுதலைப் பாட்டு பாடுகிறார்கள், ஆனுக்கோ சந்தேகம். பட்ட கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று அவர் முடித்திருந்தால் படிப்பவர் நிம்மதியாகப் புத்தகத்தைக் கீழே வைத்திருப்பார். ஆன் அந்த நிம்மதியைத் தரவில்லை. ‘ஊர்ப்பக்கம் வராதே, கொன்றுவிடுவார்கள்’ என்று பெற்ற தாயே எழுத வேண்டியிருந்த ஊர் அது. அங்கே ஒரு சட்டம் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்ப அவரால் முடியவில்லை.