சுண்டிக்குளம்: உப்பும் நன்னீரும் மாறி மாறி ஆளும் கரை

பூநாரை தலையைக் கவிழ்த்துத்தான் இரை தின்னும். நடுவில் மடங்கிய அதன் அலகின் மேற்பாதி அப்போது கீழே கிடக்கும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் அசைந்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்தில் வரிசையாக உள்ள மெல்லிய தகடுகளில் உப்புநீர்க் கூனிறால், புழு, சிறு நத்தை எல்லாம் சிக்கிக்கொள்ளும். கால்களால் சேற்றைக் கலக்கியபடி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மிதிப்பதால், நீர் வற்றிய பின் தரையில் வட்டப் பள்ளங்கள் தெரியும். இறகின் இளஞ்சிவப்பும் இந்த இரையிலுள்ள நிறமிகள் தந்ததுதான். ஆகவே இப்பறவைக்கு வேண்டியது ஆழமில்லாத, உயிர் செறிந்த சேற்று நீர். யாழ்ப்பாணக் குடாநாடு வன்னிப் பெருநிலத்தோடு ஒட்டும் தென்கிழக்கு மூலையில், சுண்டிக்குளத்தில், அது பரந்து கிடக்கிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் இன்றைய மட்டத்திலிருந்து சுமார் 120 மீற்றர் கீழே கிடந்தது. பாக்கு நீரிணை அப்போது தரை. பனி உருகிக் கடல் ஏறி, மட்டம் ஓரளவு நிலைத்த பிறகு, அலையும் நீரோட்டமும் கிழக்குக் கரை நெடுக மணலை இழுத்துவந்து குவித்தன. பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வெற்றிலைக்கேணி வழியாகச் சுண்டிக்குளம் வரை நீளும் அந்த மணல்திட்டுக்குப் பின்னால் அகப்பட்ட நீர்தான் இந்தக் கடல்நீரேரி.

மாரி தொடங்கினால் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிஞ்சிய வெள்ளத்தை வடக்கே இங்கு கொண்டுவந்து கொட்டும். ஏரி பெருகும், உவர்ப்பு இறங்கும். வெள்ளம் மிஞ்சினால் கிழக்கு மணல்திட்டு உடைந்து நீர் கடலுக்குப் பாயும். அந்த வாயால் கடல்நீரும் இறால் குஞ்சும் உள்ளே வரும். பிறகு அலை மணலைத் தள்ளி வாயை மூடிவிடும். கோடையில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறி, ஓரங்களில் வெண்பொருக்கு படியும். உமரிச் செடியும் கண்டலும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கத் தெரிந்தவை. ஒக்டோபருக்குப் பின் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் நீர் நிறைந்த காலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நீண்ட அலகுள்ள கரைப்பறவைகள் நீர் இறங்கி வெளிப்படும் சேற்றைத் தேடுகின்றன. ஒரே தண்ணீர் ஆண்டு முழுவதும் நின்றால் இவற்றில் பாதிக்கு இங்கு வேலையில்லை.

மனிதருக்கும் இந்த ஆழமின்மை பயன்பட்டது. வன்னியில் பிடித்த யானைகளை நீரைக் கடக்கவைத்து யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள்; ஏரியின் மேற்கேயுள்ள ஆனையிறவுக்கு அந்தப் பெயர் அப்படி வந்தது. ஒல்லாந்தர் 1776இல் அங்கிருந்த கோட்டையைத் திருத்திக் கட்டினர். பிரித்தானியர் காலத்தில் வீதியும் ரயில் பாதையும் ஏரியை ஊடறுத்தன. 1938இல் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்த பெரிய எண்ணம் குடிதண்ணீர் பற்றியது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத, சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பிய குடாநாட்டுக்கு, கடலுக்குப் போகும் வெள்ளத்தை மறித்துக் கொடுக்கலாம் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் திட்டம் வகுத்தார். ஆனையிறவு ஏரியை நன்னீராக்கி, முள்ளியான் என்ற இடத்தில் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி ஏரிக்கு விடுவது அதன் சாரம். வேலை தொடங்கியது, சுண்டிக்குளத்தில் போட்ட அணையை வெள்ளம் உடைத்தது, வாய்க்கால் முடியவில்லை. கிணறுகள் உவராகும் ஊர்களில் வாழ்பவர்களுக்கு அந்த எண்ணத்தின் நியாயத்தை விளக்கத் தேவையில்லை. நானும் அதை மதிக்கிறேன்.

பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. ஆனையிறவு உப்பளம் 1990இல் நின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. போர் முடிந்து மக்கள் மீண்டபோது கண்ணிவெடி அகற்றலும் குடியேற்றமும் கூடவே நடந்தன. 2015 ஜூனில் சரணாலயம் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. 11,149 ஹெக்டேயராக இருந்த பரப்பு 19,565 ஹெக்டேயராயிற்று.

பரப்பு கூடியதை வரவேற்கிறேன். ஆனால் பரம்பரையாக இங்கே வலை போட்ட குடும்பங்கள் பூங்காவின் புதிய எல்லையை அச்சத்தோடு பார்ப்பது நியாயமே. மணல்திட்டு எந்த இடத்தில் பலவீனமாக இருக்கும், எத்தனை நாள் மழைக்கு வாய் திறக்கும், எந்தக் காற்றுக்கு இறால் ஏறும் என்பதெல்லாம் அவர்கள் கைக்கணக்கு. பூங்காவை ஆளும் வனஜீவராசிகள் திணைக்களம் அதை எழுதிவைக்க வேண்டும்.

நன்னீர்த் திட்டம் மறுபடி பேசப்படும்போதெல்லாம் அணையின் உயரமும் நீரின் கொள்ளளவும்தான் முன்னே வருகின்றன. கதவை எந்த மாதம் திறப்பது, மாசியிலும் பங்குனியிலும் எவ்வளவு சேறு வெளிப்பட வேண்டும், உவர்ப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் இறாலும் பூநாரையின் இரையும் குறையும் என்பதையும் அதே வரைபடத்தில் குறிக்கலாம். இரணைமடுவின் வான்கதவு திறக்கும் நாட்களையும், சுண்டிக்குளத்தின் உவர்ப்பையும், வந்திறங்கும் பறவைகளின் எண்ணிக்கையையும் ஒரே பதிவேட்டில் சேர்த்து எழுதத் தொடங்குவதற்குப் பெருந்தொகை தேவைப்படாது. அடுத்த மாரிக்கே தொடங்கலாம்.