குளிக்கும் வெந்நீருக்கும் ஓர் அளவு உண்டு



அடுப்பில் எரியும் நெருப்பைக் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகிப் போகிறோம். ஆனால் குளியலுக்கு விளாவி வைத்த வெந்நீரைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. நெருப்பு சுடுவது போலவே வெந்நீரும் சுடும். ஒரு செம்பு வெந்நீர் போதும், பச்சைக் குழந்தையின் தோல் உரிந்துவிடும்.

எவ்வளவு சூடு ஆபத்து?

நம் உடம்பின் சூடு ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ். 50 டிகிரி சூடுள்ள தண்ணீர் பெரியவர்களின் தோலை ஆழமாகப் புண்ணாக்கச் சுமார் 5 நிமிடம் ஆகும். 60 டிகிரி என்றால் சுமார் 5 விநாடிதான். 70 டிகிரியில் ஒரு விநாடிகூடத் தேவையில்லை. குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு இன்னும் சீக்கிரமே வெந்துவிடும். வயதானவர்கள் சட்டென்று விலக முடியாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரிவதே இல்லை.

விளாவும் முறை

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வெந்நீரை முதலில் ஊற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்பும் நேரத்தில்தான் குழந்தை வாளியில் கையை விடுகிறது.

கொதித்த நீர் ஒரு செம்புக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஏழு செம்பு சேர்த்தால் குழந்தைக்கு ஏற்ற 37 டிகிரி கிடைக்கும். மார்கழிக் குளிரில் தண்ணீர் சில்லென்று இருந்தால் ஐந்து செம்பு போதும். அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு இருக்கும். ஆகவே நன்றாகக் கலக்குங்கள். பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன உள்ளங்கையை நம்ப வேண்டாம். முழங்கையை நனைத்துப் பாருங்கள். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்று தோன்றினால் அதுவே சரி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வெந்நீரில் விடாதீர்கள், உடைந்துவிடும்.

கெய்சரும் சூரிய வெந்நீரும்

இன்று பல கிராம வீடுகளிலும் கெய்சர் வந்துவிட்டது. அதில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூரிய வெந்நீர்த் தொட்டியில் நல்ல வெயில் நாளில் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும். ஷவரில் ஒரே கைப்பிடியுள்ள கலவைக் குழாய் பொருத்தியிருந்தால், கைப்பிடி ஓர் அளவுக்கு மேல் வெந்நீர்ப் பக்கம் திரும்பாதபடி பல குழாய்களில் உள்ளேயே தடை வைக்கலாம். பிளம்பரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஷவரைத் திறந்ததும் அடியில் போய் நிற்காதீர்கள். கையை நீட்டிப் பார்த்துவிட்டு நில்லுங்கள். பச்சைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால் வெந்நீர் மட்டும் கொட்டும்.

வாளியில் போடும் மின்சாரக் கம்பியைச் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்க்கு

"கொதிக்கக் கொதிக்க ஊத்தினாத்தான் வயிறு சுருங்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பாசத்தால் சொல்வதுதான். ஆனால் கர்ப்பப்பை தானாகவே சுருங்கும். கொதிநீர் தோலைத்தான் புண்ணாக்கும். வெதுவெதுப்பான நீரே போதும். வயிற்றைத் திறந்து பிரசவமான தாயும், குடும்பநல அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் தையல் உள்ள இடத்தில் எப்போது தண்ணீர் படலாம் என்று செவிலியரைக் கேட்டபின் குளியுங்கள். பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

அண்டாவை இறக்குவதும் வெந்நீரைச் சுமப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். மனைவி குழந்தையைப் பிடித்துக்கொள்ளட்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையில் வெந்நீர் தூக்குவது கூடவே கூடாது.

பட்டுவிட்டால்?

1. நனைந்த துணியை உடனே கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள்.
2. பட்ட இடத்தில் மட்டும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள்.
3. வளையல், அரைஞாண் முதலியவற்றை வீக்கம் வருமுன் எடுத்துவிடுங்கள்.
4. இங்க், பற்பசை, மஞ்சள், மாவு, ஐஸ்கட்டி எதையும் வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.
5. சுத்தமான துணியால் லேசாக மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்லுங்கள். குழந்தைக்குப் பட்டாலோ, முகம், கை, மர்ம உறுப்புகளில் பட்டாலோ 108-ஐ அழையுங்கள்.

முழங்கையை நனைத்துப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும். வெந்த புண் ஆற மாதக்கணக்காகும். தழும்போ ஆயுளுக்கும் நிற்கும். மேலும் விவரம் வேண்டுமானால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

அளவான சூடு! ஆபத்தில்லா வீடு!